காற்றைக் கேட்காமல் கட்டிய விமான நிலையம்

தெற்கு அட்லாண்டிக் கடலின் நட்டநடுவே ஒரு தீவு. பெயர் செயின்ட் ஹெலினா. பரப்பளவு சுமார் 122 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை சுமார் நாலரை ஆயிரம். பக்கத்துக் கண்டம் எது என்று கேட்டால் ஆப்பிரிக்கக் கரையைத்தான் காட்ட வேண்டும். அதுவும் 1,900 கிலோமீட்டர் தள்ளி. இந்த நாலரை ஆயிரம் பேருக்காக பிரிட்டிஷ் அரசாங்கம் 28.55 கோடி பவுண்ட் கணக்கில் ஒரு விமான நிலையம் கட்டியது. தலைக்கு 60 ஆயிரம் பவுண்டுக்கு மேல். ரன்வே ரெடி. டெர்மினல் ரெடி. கண்ட்ரோல் டவர், தீயணைப்பு வண்டி எல்லாம் பளபளவென்று ரெடி. 2016 மே மாதம் முறைப்படி சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. விமானத்தால் இறங்க முடியவில்லை.

ஏன்? காற்றடிக்கிறதாம்!

கடலுக்கு நடுவே, ஆயிரம் அடி உயரப் பாறையின் உச்சியில், வருஷம் பூராவும் தென்கிழக்குக் காற்று வீசும் பக்கமாகப் பார்த்து ரன்வே போட்டுவிட்டு, ‘அடடே, இங்கே காற்றடிக்கிறதே’ என்று லண்டன் திகைத்து நின்ற அந்தக் கணம் உலக நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியது. பத்திரிகைகள் சும்மா விடுமா? ‘உலகிலேயே மிக உதவாக்கரை விமான நிலையம்’ என்று பட்டம் கட்டிவிட்டன. பட்டம் பறப்பதற்கு அங்கே காற்றுக்குக் குறைவில்லை.

‘பாவம், யாருக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரியும்’ என்று இரக்கப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தெரிந்தவர்களின் பட்டியல் சிறியதல்ல. அதில் இருப்பவர்களும் சின்ன ஆட்கள் அல்ல.

முதல் சாட்சி, சார்லஸ் டார்வின். 1836 ஜூலையில் பீகிள் கப்பல் இந்தத் தீவில் நங்கூரம் போட்டபோது அவருக்கு வயது 27. நெப்போலியன் கல்லறையிலிருந்து கல்லெறி தூரத்தில் ரூம் எடுத்துத் தங்கிக்கொண்டு, காலை முதல் மாலை வரை மலை மலையாக ஏறி இறங்கினார். ஒரு நாள் ஒரு சமவெளியின் விளிம்புக்கு வந்தார். கீழே கிட்டத்தட்ட ஆயிரம் அடிக்குச் செங்குத்துப் பாறை, அதற்குக் கீழே கடல். அவர் நின்ற இடத்தில் இலை அசையவில்லை. ஆனால் சில கஜம் முன்னால் ஆலாப் பறவைகள் பேய்க்காற்றில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. இதென்னடா விந்தை என்று விளிம்புக்குப் போய்க் கையை வெளியே நீட்டினார். காற்றின் முழு வேகமும் கையில் அறைந்தது. அமைதிக்கும் சூறாவளிக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர், இரண்டு கஜ அகலம்தான் இருக்கும் என்று குறித்துக்கொண்டார்.

இதற்குத்தான் இன்றைய விமானிகள் ‘விண்ட் ஷியர்’ என்கிறார்கள். காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறும் இடம். இறங்கும் விமானத்துக்கு எமன். எந்தச் சமவெளி என்று டார்வின் பெயர் சொல்லவில்லை. ஆனால் விமான நிலையம் இருப்பதும் அதே போன்ற சமவெளியின் விளிம்பில், அதே ஆயிரம் அடி உயரத்தில்தான். சாத்தியக்கூறு ஆய்வு, ஆலோசகர், பவர்பாயின்ட் எதுவும் இல்லாமல் மனுஷர் ஒரே ஒரு கையை நீட்டி ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். செலவு பூஜ்யம்.

அந்த ரிப்போர்ட் ஏதோ ரகசியக் கோப்பில் தூங்கவில்லை. டார்வினின் பயண நூலில் இருக்கிறது. நூற்றெழுபது வருஷங்களுக்கும் மேலாகக் கடையில் கிடைக்கிற புத்தகம். இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். விமான நிலையம் கட்டிய காலத்தில் பிரிட்டனின் பத்து பவுண்ட் நோட்டில் அச்சாகியிருந்தது யார் முகம்? டார்வினேதான். மொத்தச் செலவையும் பத்து பவுண்ட் நோட்டாக எண்ணியிருந்தால், 2 கோடியே 85 லட்சத்து 50 ஆயிரம் தடவை அந்தத் தாடிக்காரர் முகத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு தடவைகூட ‘ஐயா, ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் சாட்சி இன்னும் பெரிய இடம். எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திரம் ஹாலியேதான். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தவர், டிகிரி வாங்காமலேயே கப்பலேறி, 1677-இல் 20 வயதில் இந்தத் தீவுக்கு வந்தார். அப்பா பணக்காரர், வருஷத்துக்கு 300 பவுண்ட் பாக்கெட் மணி. மன்னர் இரண்டாம் சார்லஸின் சிபாரிசு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் பயணம். தென்கோள வானத்தின் நட்சத்திரங்களைப் பட்டியல் போடுவது திட்டம். அதற்காக இந்த அகண்ட பூமியில் தேர்ந்தெடுத்த இடம், சதா மேகம் மூடிக்கிடக்கும் ஒரு மலை. டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர் பல ராத்திரி பார்த்தது பனிமூட்டம்தான்.

இருந்தாலும் கெட்டிக்காரர். கிடைத்த இடைவெளிகளில் 341 நட்சத்திரங்களைப் பிடித்துவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் சில நட்சத்திரங்களைச் சேர்த்துக் கட்டி ‘சார்லஸின் ஓக் மரம்’ என்று மன்னர் பெயரில் ஒரு புது நட்சத்திரக் கூட்டமே படைத்தார். மன்னரின் உத்தரவில் டிகிரி தானாக வந்து சேர்ந்தது. பரீட்சை எழுதாமல் பட்டம் வாங்க வானத்தையே ஐஸ் கட்டியாக்கி ராஜாவின் தலையில் வைத்த மகான், எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அந்த ஓக் மரம் இன்று எந்த நட்சத்திர வரைபடத்திலும் கிடையாது. டிகிரியை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இதே ஹாலி 1686-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். உலகக் கடல்களில் காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு வீசுகிறது என்று காட்டும் வரைபடம், நம் பருவக்காற்று உள்பட. வானிலை வரைபடங்களுக்கெல்லாம் தாத்தா என்று அதைச் சொல்வார்கள். உலகின் முதல் காற்று மேப்பைப் போட்டவர் ஒரு வருஷம் குடியிருந்த தீவில், காற்று எப்படி என்று விசாரிக்காமல் ரன்வே போடுவதற்குத் தனி மனத்துணிவு வேண்டும்.

ஹாலியின் அனுபவத்திலிருந்து லண்டன் பாடம் கற்றதா? கற்றது, தலைகீழாக. 1761-இல் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடக்கிற அபூர்வக் காட்சி. அதைப் பார்க்க ராயல் சொசைட்டி நெவில் மாஸ்கலின் என்ற வானியலாளரைக் கப்பலேற்றி அனுப்பியது. எங்கே? அதே மேகத் தீவுக்கு! மாதக்கணக்கில் பயணம் செய்து, கருவிகளைப் பொருத்தி, நாள் குறித்துக் காத்திருந்தார். ஜூன் 6 அன்று வெள்ளி வந்தது. கூடவே மேகமும் வந்தது. கொண்டுபோன இன்னொரு கருவியிலும் கோளாறு. இவ்வளவு தோல்விகளையும் சுமந்து ஊர் திரும்பியவரை நாலு வருஷத்தில் ராஜ வானியலாளர் பதவியில் உட்கார வைத்தார்கள். ஆக, செயின்ட் ஹெலினாவின் வானிலையைக் கேட்காமல் அங்கே ஆளையும் பணத்தையும் அனுப்புவது 2016-இல் தொடங்கிய பழக்கமல்ல, பரம்பரைச் சொத்து.

மூன்றாம் சாட்சியை நீங்கள் ரொம்ப நேரமாக எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நெப்போலியன் போனபார்ட். 1815 அக்டோபரில் வந்து இறங்கினார். முதல் இரண்டு மாதம் ‘பிரையர்ஸ்’ என்ற பங்களாவின் தோட்டத்து வீடு. பத்து வருஷம் முன்பு இந்தியாவிலிருந்து லண்டன் திரும்பும் வழியில் அதே பிரையர்ஸில் தங்கிய இன்னொரு விருந்தாளி, ஆர்தர் வெல்லஸ்லி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கதை முடிந்ததும் அங்கே அதிகாரியாக உட்கார்ந்தவர். பின்னாளில் வெலிங்டன் பிரபு. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே ஆள்! வெலிங்டனுக்குப் பாரிஸில் நெப்போலியனின் பழைய அரண்மனை, நெப்போலியனுக்கு இங்கே வெலிங்டனின் பழைய ஜாகை. ‘எனக்கு இங்கே சௌகரியம், அவருக்கு அங்கே சௌகரியம்தானே’ என்கிற பாணியில் வெலிங்டன் பாரிஸிலிருந்து குறும்பாக ஒரு கடிதம் வேறு எழுதினார். ஜெயித்தவனின் நக்கலுக்கு மருந்தே கிடையாது.

டிசம்பரில் நெப்போலியனை லாங்வுட் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். தீவின் கிழக்குப் பக்க மேட்டு நிலம். ஓயாத காற்று, ஈரம், பனிமூட்டம். பின்னாளில் விமான நிலையம் எழுந்த சமவெளி அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஐரோப்பாவையே உலுக்கிய மனிதர் அங்கே ஐந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து எதைப் பற்றிப் புலம்பினார் தெரியுமா? காற்று. தோட்டம் போட்டார், காற்று செடியைப் பிய்த்தது. காற்றைத் தடுக்க மண்சுவர் எழுப்பினார். தோட்டத்துப் பாதைகளைப் பள்ளமாக வெட்டச் சொன்னார். அதற்குக் காற்று மட்டும் காரணமல்ல, காவல்காரன் கண்ணில் படாமல் நடக்கவும்தான். தினம் இரண்டு வேளை கைதியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது கவர்னர் ஹட்சன் லோவின் உத்தரவு. பார்க்க விடமாட்டேன் என்பது சக்கரவர்த்தியின் வீம்பு. ஒரு காலத்தில் ஆறு லட்சம் பேரைத் திரட்டிக்கொண்டு ரஷ்யா மீது படையெடுத்தவர், கடைசியில் ஒரு ஆபீசரோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்.

அந்த லோவும் லேசுப்பட்டவர் அல்ல. ‘சக்கரவர்த்தி’ என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார், ‘ஜெனரல் போனபார்ட்’தான். 1821 மே 5 அன்று கைதி இறந்த பிறகாவது சண்டை ஓய்ந்ததா என்றால், இல்லை. கல்லறையில் ‘நெப்போலியன்’ என்று மட்டும் போட வேண்டும் என்றது பிரெஞ்சுத் தரப்பு. ராஜாக்களுக்குத்தான் முதல் பெயர் மட்டும் போதும். சேர்த்து ‘போனபார்ட்’ என்றும் போட்டாக வேண்டும் என்று அடம்பிடித்தார் லோ. இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. உலகத்துக்கே தெரிந்த பெயர்க்காரர் பெயரில்லாத கல்லுக்கடியில் 19 வருஷம் கிடந்தார், 1840-இல் பிரான்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை.

நெப்போலியனோடு முடியவில்லை. அவருக்குப் பிறகு ஜூலு மன்னர் தினுசுலு, ஆயிரக்கணக்கான போயர் போர்க்கைதிகள் என்று பிரிட்டன் வரிசையாக ஆட்களை அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தது. சென்னைக் கோட்டையிலிருந்து லண்டன் திரும்பிய கம்பெனிக் கப்பல்கள் தண்ணீரும் காய்கறியும் ஏற்ற நின்றுபோனது தவிர, அந்தத் தீவுக்கு ஆசைப்பட்டு வந்தவர் குறைவு. இப்படிப்பட்ட ஊருக்கு வருஷம் 30 ஆயிரம் டூரிஸ்ட் பறந்து வருவார்கள் என்று ஒரு நாள் கணக்குப் போட்டார்கள் பாருங்கள், அந்த நம்பிக்கையைத்தான் நான் வணங்குகிறேன்.

சரி, விமான நிலையக் கதை. இடம், ப்ராஸ்பரஸ் பே ப்ளெய்ன். தீவில் கொஞ்சமாவது தட்டையாக இருக்கிற அபூர்வ நிலங்களில் அதுவும் ஒன்று. அங்கே நடந்த முதல் ‘லேண்டிங்’ 1673-இல். அந்த வருஷம் டச்சுக்காரர்கள் தீவைப் பிடித்துக்கொள்ள, மீட்க வந்த ஆங்கிலேயப் படையில் ஒரு பகுதி, அந்தக் கரையில் இறங்கிச் செங்குத்துப் பாறையில் ஏறியது. டாம் என்ற ஒருவர் கயிற்றோடு முதலில் பல்லி மாதிரி ஏற, கீழே நின்றவர்கள் ‘கெட்டியாப் பிடிச்சுக்கோ டாம்’ என்று கத்தினார்களாம். அந்த இடத்துக்கே ‘ஹோல்ட்ஃபாஸ்ட் டாம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய கெய்க்வின் பிறகு பம்பாய்க்குப் போய், பத்து வருஷம் கழித்து கம்பெனிக்கு எதிராகவே கலகம் செய்து ஊரைப் பிடித்துக்கொண்டது தனிக்கதை. நமக்கு வேண்டியது டாம் கற்ற பாடம்தான். இந்தச் சமவெளிக்கு யார் வந்தாலும் முதலில் எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

1943-இல் தென்னாப்பிரிக்க விமானப்படை வந்து இதே இடத்தை அளந்து பார்த்தது. தொழில்நுட்பப்படி கட்டலாம், நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. இந்தக் கதை முழுவதிலும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்ட ஒரே கமிட்டி அதுதான். அதனாலேயே அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அதுவரையும் அதற்குப் பிறகும் தீவுக்கு ஒரே வழி கப்பல். கடைசியாக ஓடியது ‘ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினா’. கேப்டவுனிலிருந்து ஐந்து நாள். தபால், வெங்காயம், கார், மாப்பிள்ளை, மருந்து எல்லாம் அதில்தான் வரவேண்டும். அதற்கு பிரிட்டன் மானியம் கொடுத்துக்கொண்டே இருந்தது. கப்பலுக்கும் வயசாகிறது, விமான நிலையம் கட்டினால் மானியம் மிச்சம் என்று லண்டன் யோசித்தது. 2005-இல் ‘கட்டுகிறோம், 2010-இல் திறக்கிறோம்’ என்று அறிவிப்பு. 2008-இல் உலகப் பொருளாதாரம் கவிழ்ந்ததும் ‘கொஞ்சம் நிறுத்திவைக்கிறோம்’ என்றது. 2010-இல், திறந்திருக்க வேண்டிய அதே வருஷத்தில், ‘சரி, கட்டலாம்’ என்று மறுபடி முடிவு. 2011 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் பேசில் ரீட் கம்பெனியோடு ஒப்பந்தம்.

கட்டியவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. புல்டோசரிலிருந்து சிமென்ட் வரை எல்லாவற்றையும் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். ரூபர்ட்ஸ் விரிகுடாவிலிருந்து சமவெளி வரை 14 கிலோமீட்டருக்கு மலையை வெட்டிச் சாலை. ரன்வே நீளம் போதவில்லை, குறுக்கே ‘ட்ரை கட்’ என்ற பள்ளத்தாக்கு. என்ன செய்தார்கள்? பள்ளத்தாக்கையே நிரப்பிவிட்டார்கள்! சுமார் 80 லட்சம் கன மீட்டர் பாறையும் மண்ணும், நூறு மீட்டர் உயரத்துக்கு. மலையை வென்றார்கள், பள்ளத்தை வென்றார்கள், கடலை வென்றார்கள். பஞ்ச பூதங்களில் ஒன்றை மட்டும் மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை.

இந்த ஒரு பத்தியில் சிரிப்பு வேண்டாம். அந்தச் சாலைக்கு நிலம் தயார் செய்தபோது ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில் 325 எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தார்கள். 1840 முதல் அடிமைக் கப்பல்களைப் பிடித்து, அதிலிருந்த ஆப்பிரிக்கர்களை பிரிட்டிஷ் கடற்படை இந்தத் தீவில் இறக்கியது. விடுதலை கிடைத்தும் பிழைக்க முடியாமல் இறந்தவர்கள் சுமார் 8 ஆயிரம் பேர் அங்கே புதைந்திருக்கிறார்கள். தோண்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும். எடுத்த எலும்புகள் மறுபடி மண்ணுக்குத் திரும்பியது 2022-இல்தான். நெப்போலியனின் வெறும் கல்லறைக்குப் போகிற டூரிஸ்ட்டுகள் இங்கேயும் ஒரு நடை போய்வரலாம்.

2015 செப்டம்பரில் முதல் விமானம் இறங்கியது. பீச்கிராஃப்ட் கிங் ஏர், சின்ன விமானம், கருவிகளைச் சரிபார்க்க வந்தது. தீவே திரண்டு கைதட்டியது. 2016 ஏப்ரல் 18 அன்று நிஜப் பரீட்சை. வாரா வாரம் ஓட்ட ஒப்பந்தம் எடுத்திருந்த காம்ஏர் கம்பெனியின் போயிங் 737-800 வந்தது. வடக்கிலிருந்து இறங்கப் பார்த்தது. பாறை விளிம்பருகே டார்வினின் சுவர் நின்றுகொண்டிருந்தது. முதல் முயற்சியில் முடியாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. பிறகு ஒருவழியாக இறங்கியது. அத்தோடு வாரா வாரம் 737 என்ற திட்டத்தின் கதை முடிந்தது.

சிக்கலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கிலிருந்து வந்தால் காற்று எதிரே வரும், இறங்க அதுதான் நல்லது. ஆனால் அந்தப் பக்கம்தான் காற்று பாறையில் மோதிக் குட்டிக்கரணம் போடுகிறது. தெற்கிலிருந்து வந்தால் குட்டிக்கரணம் குறைவு. ஆனால் காற்று பின்னாலிருந்து தள்ளும், விமானம் சீக்கிரம் நிற்காது, ரன்வே முடிந்த இடத்தில் அட்லாண்டிக் ஆரம்பம். இடது பக்கம் போனால் இடி, வலது பக்கம் போனால் மழை.

மே 21 திறப்பு விழா. இளவரசர் எட்வர்ட் வருவதாக ஏற்பாடு. அந்தத் தேதிக்குக் காரணம், அதுதான் ‘செயின்ட் ஹெலினா தினம்’. 1502 மே 21, புனித ஹெலினாவின் திருநாளில் போர்த்துக்கீசியர்கள் தீவைக் கண்டுபிடித்ததாக ஐதீகம். இதிலும் ஒரு வேடிக்கை. போர்த்துக்கீசியர்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் காலண்டரில் ஹெலினாவின் திருநாள் ஆகஸ்ட் 18. மே 21 கிழக்குத் திருச்சபையின் தேதி. ஆக, தப்பான தேதியில் கண்டுபிடித்ததாகக் கொண்டாடும் தீவில், இறங்க முடியாத விமான நிலையத்தைத் திறக்க, வராத இளவரசர். விழா ரத்து.

பிறகு தொடங்கியது மகத்தான காத்திருப்பு. தீயணைப்பு வீரர்கள் பயிற்சி செய்தார்கள். வானிலை ஊழியர்கள் காற்றை அளந்தார்கள். இந்தத் தடவை நன்றாகவே அளந்தார்கள், வேறு வேலை இல்லையே. அவசர நோயாளிகளை ஏற்றிப்போகும் சின்ன விமானங்கள் அவ்வப்போது வந்து போயின. லண்டனில் பாராளுமன்றக் கணக்குக் குழு 2016 டிசம்பரில் வறுத்தெடுத்தது. டார்வின் எழுதியதெல்லாம் அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

கப்பல் மட்டும் விசுவாசமாக ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் 2017-இல் மக்கர் செய்தது. ப்ரொப்பெல்லர் கோளாறு. பயணிகள் நடுத்தெருவில், இல்லை, நடுக்கடலில் மாட்டிக்கொள்ள, மே 3 அன்று ஏர்லிங்க் கம்பெனியின் ஏவ்ரோ விமானம் ஆட்களை ஏற்ற வந்து, பிரச்னையில்லாமல் இறங்கியது. ‘உதவாக்கரை’ விமான நிலையத்தின் முதல் பயணி சர்வீஸ், ஓய்வு பெறப்போகிற கப்பலைக் காப்பாற்றுவதற்காக! கப்பல் எல்லாம் திட்டமிட்டே செய்ததோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

2017 அக்டோபர் 14, சனிக்கிழமை. பதினேழு மாதம் தாமதமாக முறையான விமான சேவை தொடங்கியது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஏர்லிங்க்கின் எம்ப்ரேயர் 190. வழியில் நமீபியாவில் ஒரு நிறுத்தம். இந்த விமானம் சின்னது, பின்காற்றிலும் தெற்கிலிருந்து இறங்கக்கூடியது. ஆனால் எடை குறைய வேண்டும். 99 சீட் இருந்தாலும் டிக்கெட் விற்றது 76-க்குத்தான். மீதி 23 சீட்டில் காற்று உட்கார்ந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை மாதம் அலையவிட்டதற்கு அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

இறங்க முடியாவிட்டால் எங்கே போவது? கிட்டத்து ரன்வே அசென்ஷன் தீவு, 1,300 கிலோமீட்டர். அந்தத் தீவில் பிரிட்டன் முதன்முதலாக ஆள் வைத்ததே 1815-இல், அங்கிருந்து யாரும் வந்து நெப்போலியனை மீட்டுவிடக் கூடாதென்று. நெப்போலியன் தப்பிக்காமல் இருக்கக் காவல் போட்ட இடம், இன்று விமானம் தப்பிக்க வழி. அதுவும் 2017-இல் ரன்வே குண்டும் குழியுமாகிப் பெரிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ரோடு போடுகிற விஷயத்தில் மட்டும் உலகம் முழுக்க மனிதகுலம் ஒரே குலம்.

கதையின் கடைசித் திருப்பங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 பிப்ரவரியில் கப்பல் கடைசிப் பயணம் கிளம்பியது, தீவே அழுதது. ஜூனில் விமான நிலையம் கட்டிய பேசில் ரீட் திவாலாகாமல் தப்பிக்க நீதிமன்றப் பாதுகாப்புப் பக்கம் ஒதுங்கியது. தீவு அரசாங்கமே விமான நிலையத்தை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு நடுவே மருத்துவப் பணியாளர்களை ஏற்றிக்கொண்டு டைட்டன் ஏர்வேஸின் போயிங் 757 வந்தது. 737-ஐவிடப் பெரியது. இறங்கியது. அந்தக் காலத்தில் விமான நிலையங்களெல்லாம் உலகம் முழுக்க வெறிச்சோடிக் கிடந்தன. எல்லா ஊரும் காலியாக நின்றபோது, காலியாக நிற்பதில் நாலு வருஷ சீனியாரிட்டி உள்ள ஒரு விமான நிலையம் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

தீவின் கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் ஜோனதன் என்று ஓர் ஆமை. 1832 வாக்கில் பிறந்தது, 1882-இல் சீஷெல்ஸிலிருந்து வந்தது. பாய்மரக் கப்பல், நீராவிக் கப்பல், தபால் கப்பல், ஜெட் எல்லாம் பார்த்துவிட்டது. இந்த முழு விவகாரத்திலும் எந்த அறிக்கையும் விடாமல் இருந்த ஒரே பிரமுகர் அவர்தான்.

உதவாக்கரை என்ற பட்டத்தை நான் ஏற்கவில்லை. நெஞ்சுவலி வந்தவரை ஐந்து நாள் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்த ஊரில், இப்போது சில மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை, அப்பா இறந்தால் காரியத்துக்கு வந்து சேர முடிகிறது. 28.55 கோடி பவுண்ட் அதிகமா என்றால் அதிகம்தான். முட்டாள்தனமாகத் திட்டமிட்டார்களா என்றால் ஆமாம். ஆனாலும் நாலரை ஆயிரம் பேருக்கு அது நல்ல விமான நிலையம்.

போய்வர ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானம் உண்டு, பெரும்பாலும் வாரம் ஒன்று. காற்று மனசு வைக்காவிட்டால் அது திரும்பிப் போய்விட்டு மறுநாளோ அதற்கு மறுநாளோ வரும். ஆகவே திரும்பும் கனெக்‌ஷன் டிக்கெட்டை நாலு நாள் தள்ளியே போடுங்கள்.